மறுக்க ஆள் இருக்கிற தலைப்பு: விவாதக் கட்டுரை பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பில் நீண்ட காலம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். விவாதக் கட்டுரை எழுதுவது பற்றிப் பிள்ளைகளும் பெற்றாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடி, உயர்தர மாணவன்: சேர், தலைப்பை நாங்களே எடுக்கச் சொல்லியிருக்காங்க. "சூழல் மாசடைதல்" எடுக்கலாமா?

எடுக்காதீங்க மகன். சூழல் மாசடைவது நல்லது என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருக்கா? மறுக்க ஆளில்லாத இடத்தில் விளக்கம் எழுதலாம், வாதம் எழுத முடியாது. அதையே ஒடுக்கிப் பாருங்க. சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளான லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பரில் தடை செய்தார்கள். அந்தத் தடையை நிலைநிறுத்த, பார்சல் கட்டுகிற சோத்துக்கடைக்காரருக்குத் தண்டம் போடுவதா, தாளைச் செய்கிறவரைப் பிடிப்பதா? இப்போது இரண்டு கட்சி வந்துவிட்டது. இராச்சாப்பாட்டு நேரம் வீட்டில் தலைப்பைச் சொல்லிப் பாருங்க. எல்லாரும் தலையாட்டினால் விட்டுவிடுங்க. ஒரு ஆளாவது "அதெப்படி?" என்று கேட்டால் அதை எடுங்க.

கல்முனை, மாணவி: வெள்ளியும் ஞாயிறும் டியூஷன் வகுப்பை நிப்பாட்ட வேணும் என்று எழுதினேன். "உணர்ச்சி கூட, ஆதாரம் குறைவு" என்று டீச்சர் போட்டிருக்கா.

உணர்ச்சியை வெட்ட வேண்டாம் மகள், அதுக்குக் கால் வைங்க. "மாணவர்கள் இயந்திரமாகிவிட்டனர்" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். உங்கட வகுப்பில் எத்தனை பேர் அந்த இரண்டு நாளும் வகுப்புக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எண்ணி எழுதுங்க. அந்த எண்ணிக்கையை வேறு எவரும் எழுத முடியாது. ஆனால் ஒரு வகுப்பை எண்ணிவிட்டு "மாவட்டம் முழுவதும்" என்று எழுதிவிடாதீங்க. எண்ணினது எவ்வளவோ அவ்வளவுதான் சொல்ல உரிமை.

வெல்லாவெளி, மாணவன்: எதிர்க்கருத்தை நாமே எழுதினால் நம்மட பக்கம் பலவீனமாகாதா சேர்?

எல்லாரும் இதிலேதான் பயப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் எழுவகை மதத்தில், அதாவது கொள்கையைக் கையாளும் ஏழு விதத்தில், "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" என்று ஒன்று உண்டு. மற்றவருடைய கொள்கையை முதலில் ஏற்று, பிறகு களைவது. ஏற்காமல் களைய முடியாது.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் விலக்கினார்கள் அல்லவா? சம்மாந்துறைப் பக்கத்து மாணவி ஒருத்தி அந்தத் தடை பிழை என்று எழுதிக்கொண்டு வந்தாள். "சேதனப் பசளை (இயற்கை உரம்) கேட்பவர்களுக்கு வெள்ளாமை தெரியாது" என்று ஒரே வரியில் எதிர்த்தரப்பை முடித்துவிட்டாள். திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் வாசித்தாலும் "ஓம், இதுதான் எங்கட நியாயம்" என்று சொல்லுமாப்போல எழுதிவா என்றேன்.

அடுத்த கிழமை வந்த தாளில் மூன்று நியாயம் இருந்தது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கு உரமும் கிருமிநாசினியும் காரணமாக இருக்குமோ என்ற அச்சம், மண் கெடுவது, உரம் வாங்க நாட்டில் டொலர் இல்லாதது. மூன்றையும் மதித்து எழுதிவிட்டுப் பதிலுக்கு வந்தாள். சேதனப் பசளையில் தழைச்சத்து குறைவு, அது பயிருக்குக் கிடைப்பதும் மெதுவாகத்தான். மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்துக்குச் சில மாதமே இருக்கும்போது அவ்வளவு பசளைக்கு எங்கே போவது? எழுத எழுத அவளுடைய முடிவே நகர்ந்துவிட்டது. "தடை பிழை" என்று தொடங்கியவள் "தடை வந்த வேகம் பிழை" என்று முடித்தாள். இந்த இரண்டாவதை அசைப்பது கஷ்டம். எதிர்த்தரப்பை எழுதினதால்தான் அவள் பக்கம் பலத்தது.

ஆரையம்பதி, மாணவன்: பட்டிமன்றத்தில் பேசுவது போலவே எழுதலாமா?

கூடாது. மேடையில் குரல் கைகொடுக்கும், கேட்பவர் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. தாளில் வாசகர் இரண்டு வரி மேலே போய் "முதலில் வேறு சொன்னாயே" என்று பிடித்துவிடுவார்.

செங்கலடி, தாய்: மகள் முன்னுரைக்கே அரை மணித்தியாலம் எடுக்கிறாள்.

தங்கச்சி, முதலில் வேறொரு தாளில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்க: "இப்படிச் செய்ய வேண்டும், ஏனென்றால்…" அந்த "ஏனென்றால்" நிரம்பாவிட்டால் தலைப்பை மாற்றட்டும். நிரம்பினால் அதை விளக்குகிற ஒரு காட்சியைத் தேடட்டும். "ஆதிகாலம் முதல் மனிதன்" என்று தொடங்கவே வேண்டாம். நான் சொன்ன சம்மாந்துறைப் பிள்ளையின் முதல் வரி இது: வாப்பா வயலில் ஒரு நெல் இலையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார், நுனி வைக்கோல் நிறத்தில் இருந்தது. இரண்டாவது வரியிலேயே உரம் வந்துவிட்டது.