காய்ந்த ரெசினைக் கையில் எடுக்கலாமா? கேள்வி பதில்

ரெசினில் (ஊற்றி இறுக வைக்கிற பிசின் திரவம்) மாதிரி ரயிலும் பாலமும் வார்க்கிறவர்கள் கேட்ட சில கேள்விகளுக்கு (கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது), நுவரெலியாவில் 15 வருடமாக இதே வேலையாக இருக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஹட்டன்: அண்ணே, எபோக்சி ரெசினில் ரயில் எஞ்சின் ஒன்று வார்த்தேன். போத்தலில் 24 மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது. ஒரு நாள் ஆகிவிட்டது, வெறும் கையால் பிடித்துத் தேய்க்கலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முழுதாக இறுகிய எபோக்சியைத் தொடுவதில் பயமில்லை. ஆனால் போத்தலில் போடும் நேரம் பெரும்பாலும் 25 பாகை அளவு சூட்டுக்குச் சொன்னது. 10 பாகை குறைந்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். குளிர்ந்த காம்பராவில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழுந்தால் இன்னும் பச்சை, அதாவது இறுகவில்லை. தேய்க்கும்போது வெள்ளைத் தூளாக உதிராமல் அழுக்குருண்டை மாதிரித் திரண்டு சாண்ட் பேப்பரில் ஒட்டினாலும் அதே கதைதான்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு ஜனவரியில், தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தின் சிறிய உரு ஒன்றை வார்த்த மறுநாளே தேய்த்தேன். சட்டைக் கை முடிகிற இடத்தில் தூள் படிந்தது. இரண்டு நாளில் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரிச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். கம்பளிச் சட்டை பட்டாலே தாங்க முடியவில்லை. இன்றைக்கும் ஹார்ட்னர், அதாவது ரெசினை இறுக வைக்கக் கலக்கிற திரவம், ஒரு சொட்டுப் பட்டால் அரிக்கிறது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் லேசில் விடாது.

வட்டவளை: அப்படியென்றால் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் இறுகுமா?

இறுகாது. பங்கு மாறினால் மிச்சமானது உள்ளேயே பச்சையாகக் கிடக்கும். சீக்கிரம் இறுகச் சூடுதான் வேண்டும். ரெஜிஃபோம் பெட்டிக்குள் சுடுநீர்ப் போத்தல் இரண்டை வைத்து, பக்கத்தில் வார்ப்பை வைத்து மூடுங்கள். நீர் ஆற ஆற மாற்றினால் போதும்.

பண்டாரவளை: மேலே மெழுகு பூசினது போல் வழவழப்பாக இருக்கிறது அண்ணே.

குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஹார்ட்னரிலிருந்து வருகிற படலம் அது. கையுறை போட்டு, இளஞ்சூட்டு நீரும் சோப்பும் வைத்துக் கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும்.

தலவாக்கலை: இஸ்தோப்பில் உட்கார்ந்து தேய்க்கிறேன். சேர்ஜிக்கல் மாஸ்க் போதுமா? அக்கா பிள்ளைகளும் பக்கத்தில் விளையாடுகிறார்கள்.

போதாது, பக்கவாட்டில் தூள் நுழையும். என்95 போடுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். நன்றாக இறுகிய ரெசினின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. அதைவிட நல்ல வழி, பேசினில் தண்ணீர் எடுத்து வாட்டர் பேப்பரால் நனைத்தே தேய்ப்பது. தூள் பறக்கவே பறக்காது. அந்த நீரை ஓர் இரவு தெளிய விட்டு, துணியில் வடித்து, அடிமண்டியைப் பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பீலிப் பக்கம் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கீழே உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் புழங்குகிறார்கள். தரையைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

நுவரெலியா: மகன் 3டி பிரிண்டரில் எடுத்த பொம்மை கையில் பிசுபிசுக்கிறது.

பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. நைட்ரைல் கையுறையோடு அல்கஹோலில் கழுவி, உலர்த்தி, யூவி விளக்கில் மறுபடி வைக்கச் சொல்லுங்கள். பனி மூடின நாளில் வெயிலை நம்ப வேண்டாம். உள்ளே பொள்ளலாக இருந்தால் துளை போட்டு வடிக்க வேண்டும், அடைபட்ட ரெசின் பல மாதம் கழித்தும் கசியும்.

மஸ்கெலியா: வெட்டின துண்டுகளை விறகு அடுப்பில் போடலாமா?

வேண்டவே வேண்டாம். அந்தப் புகை நஞ்சு, அதுவும் சோறு வேகிற அடுப்பில்.