படிக்கட்டு கார்ப்பெட் சுத்தம்: கருவி பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை என்று லாட்ஜுக்கும் வீட்டுக்கும் கார்ப்பெட் சுத்தம் செய்கிற ஆள் நான். தரைக் கார்ப்பெட்டை யார் வேண்டுமானாலும் கழுவிவிடலாம். படிக்கட்டில்தான் கருவியின் யோக்கியதை தெரியும். வந்த கேள்விகளுக்கு வந்த வரிசையில் பதில்.

ராமேஸ்வரம், லாட்ஜ் மேற்பார்வையாளர்: அண்ணே, மூணு மாடி, படி முழுக்க கார்ப்பெட். அக்னி தீர்த்தத்துல முங்கி, 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத் துணியோட அப்படியே ஏறி வர்றாங்க. மாசம் ஒருவாட்டி ஷாம்பு போட்டும் படி நசநசன்னே இருக்கு, வாடை போகலை. இன்னும் நல்ல ஷாம்பு எது?

தம்பி, ஷாம்பு போதும், விடுங்கள். உங்கள் படியில் இருப்பது அழுக்கு மட்டும் இல்லை, கடல் உப்பு. சாப்பாட்டு உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீர்த்துப் போகும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீர் இழுக்கும். நம் ஊரில் காற்று அந்த அளவுக்குக் காய்ந்து போகிற நாள் ஏது? ஆகவே உப்பு உள்ளே இருக்கிற வரை உங்கள் கார்ப்பெட் காயாது. அதன் மேல் ஷாம்பு போட்டுத் துடைத்தால் உப்போடு சோப்பும் சேர்ந்து தங்கும். பிசுபிசுப்புக்குப் பாதிக் காரணம் அதுதான்.

வேண்டியது தண்ணீர் விட்டு உடனே உறிஞ்சி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர். வாங்கும்போது கடைக்காரர் பம்ப் அழுத்தத்தைப் பெருமையாகச் சொல்வார். நீங்கள் உறிஞ்சும் சக்தியைக் கேளுங்கள். 'வாட்டர் லிஃப்ட்', அதாவது தண்ணீரை எவ்வளவு உயரம் இழுக்கும் என்கிற அளவு, 100 அங்குலம் என்றால் ஏறத்தாழ 25 கிலோபாஸ்கல். அதற்குக் கீழே போக வேண்டாம். இரண்டு மோட்டார் உள்ளதென்றால் அவை தொடராக இணைந்திருக்கின்றனவா, பக்கவாட்டில் இணைந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள். தொடர் இணைப்பு இழுவையைக் கூட்டும். பக்க இணைப்பு காற்றோட்டத்தைக் கூட்டும். நீள ஹோஸில் மாடி ஏறி வேலை செய்ய இரண்டுமே வேண்டும் என்றாலும், அடர்த்தியான கார்ப்பெட்டில் இழுவைதான் கை கொடுக்கும்.

வேலை முறை: முதலில் உலர்ந்த வேக்குவம், அவசரமில்லாமல். தனுஷ்கோடி மணல் டிரெட்டும் (கால் வைக்கிற பலகை) ரைசரும் (நிமிர்ந்து நிற்கிற பக்கம்) சேர்கிற மூலையில் போய் உட்கார்ந்திருக்கும். குறுகிய மூக்குக் குழாயால் அதை எடுக்காமல் தண்ணீர் விட்டால் சேறுதான். அப்புறம் ப்ரீ-ஸ்ப்ரே, அதாவது அலசும் முன் தெளிக்கிற சோப்புக் கரைசல், பத்து நிமிடம் ஊறல். பிறகு நல்ல தண்ணீரில் அலசி இழுப்பது. ஒரு முறை ஈரம் என்றால் மூன்று முறை வெறும் இழுவை. கடைசியில் வெள்ளைத் துண்டைப் போட்டு மிதித்துப் பாருங்கள். கால் தடம் ஈரமாகப் பதிந்தால் இன்னொரு இழுவை.

லாட்ஜ் போர் தண்ணீரில் அலசாதீர்கள். ரசம் வைத்தால் உப்பே போட வேண்டாம் என்கிற தண்ணீர் அது. காவிரித் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கடைசி அலசலுக்காவது பிடித்து வையுங்கள்.

பரமக்குடி, புதிதாகத் தொழில் தொடங்குபவர்: மெஷினோட 12 அங்குல நின்னுக்கிட்டே தேய்க்கிற வாண்ட் குடுத்தாங்க. படிக்கு அதுவே போதாதா?

போதாது. படியின் ஆழம் 10, 11 அங்குலம். வாண்ட் தலை ஓட இடமில்லை. இழுக்க ஆரம்பிக்கும்போதே படி முடிந்துவிடும். நோசிங்கின், அதாவது படியின் முன் விளிம்பின், வளைவில் வாண்டின் அகல உதடு (கார்ப்பெட்டில் படிகிற வாயின் ஓரம்) நடுவில் மட்டும் ஒட்டி இரண்டு ஓரமும் தூக்கிக்கொள்ளும். காற்றெல்லாம் அந்த ஓர இடைவெளி வழியே போய்விடும். படியில் அதிகம் மிதிபடுவதும் கறுப்பதும் அந்த நோசிங்தான். அதற்கு 4 அங்குலக் கைக் கருவி. டிரெட்டுக்கு வேண்டுமானால் 6 அங்குலம் ஒன்று கூடுதலாக. கண்ணாடி மாதிரி தெரிகிற தலை உள்ளதாகப் பாருங்கள். உள்ளே ஓடுகிற தண்ணீர் தெளியும்போது நிறுத்தலாம். கணக்குப் போட்டு எண்ண வேண்டியதில்லை.

மண்டபம், சுத்தப் பணியாளர்: தண்ணி பீய்ச்சுற ஜெட்டுல 11002ன்னு எழுதியிருக்கு. கடையில 8002தான் இருக்குங்கிறான். ரெண்டும் ஒண்ணா?

கடைசி இரண்டு எண்ணும் ஒன்று, அதனால் வருகிற தண்ணீர் ஒன்று. முன்னால் உள்ளது தண்ணீர் விசிறியாக விரிகிற கோணம்: 110 பாகை, 80 பாகை. '02' என்பது 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 கேலன், நம் கணக்கில் முக்கால் லிட்டர். அழுத்தத்தை நாலு மடங்காக்கினால்தான் தண்ணீர் இரண்டு மடங்காகும். 100 பிஎஸ்ஐயில் இதே ஜெட் 1.2 லிட்டர் விடும். படிக்கு 15 விநாடி என்றால் 300 மில்லி. 50 படிக்கு 15 லிட்டர். படிக்கு இது தாராளம். 300 பிஎஸ்ஐ எல்லாம் இங்கே வேண்டாம். ரைசரில் பட்டுத் தெறித்து சுவரைக் கறையாக்கும்.

கோணம் மாறினால் உயரத்தையும் மாற்ற வேண்டும். 10 சென்டிமீட்டர் அகலத் தலைக்கு 110 பாகை ஜெட் கார்ப்பெட்டிலிருந்து 3.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் விசிறி சரியாகத் தலையின் அகலத்தில் விழும். 80 பாகை என்றால் 6 சென்டிமீட்டர். அதை மாற்றாமல் ஜெட்டை மட்டும் மாட்டினால் ஒன்று ஓரம் காய்ந்து கிடக்கும், இல்லை உதட்டுக்கு வெளியே தண்ணீர் போய் அதை யாரும் இழுக்க மாட்டார்கள்.

ராமநாதபுரம்: ஸ்டீம் மெஷின் வாங்கினா கிருமியும் போகும்ல?

அழுக்கு எங்கே போகும்? இழுவை இல்லாத நீராவி உப்பை இன்னும் உள்ளே இறக்கும். வேண்டாம்.

கீழக்கரை, வீட்டுக்காரம்மா: தம்பி, மாமியா வீட்டு மரப்படியில வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த வெள்ளைக் கம்பளம் போட்டிருக்கு. போன மாசம் ஒரு ஆள் வந்து கழுவிட்டுப் போனாரு. காஞ்சதும் ஓரமெல்லாம் டீ கொட்டினாப்ல பழுப்பாயிருச்சு. ப்ளீச் போட்டா போயிருமா?

லாத்தா, ப்ளீச் பாட்டிலை மூடி எடுத்து வையுங்கள். அது ஆட்டு ரோமக் கம்பளமாக இருந்தால் ப்ளீச் நாரையே கரைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகிய வாடை வந்து சாம்பல் விரலில் நொறுங்கினால் ரோமம். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் நைலான் மாதிரி செயற்கை நார்.

உங்கள் பழுப்பு அழுக்கு இல்லை. கம்பளத்தின் அடியில் சணல் இருக்கும். காரமான சோப்பும் நிறையத் தண்ணீரும் அதில் இறங்கி, காய நாள் கணக்கானால் சணலின் சாயம் மேலே ஏறி நூல் நுனியில் நிற்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சிட்ரிக் அமிலம் கரைத்து, முதலில் மறைவான இடத்தில் வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால் பழுப்பின் மேல் பனி மாதிரித் தெளித்து, துண்டால் அழுத்தி எடுங்கள். ஃபேனை அதன் மேல் திருப்பிவிடுங்கள். தேய்க்க வேண்டாம். அடுத்த முறை வருகிற ஆளிடம் "ப்ரீ-ஸ்ப்ரே பி.எச். எவ்வளவு?" என்று கேளுங்கள். காரம் எவ்வளவு என்று காட்டுகிற எண் அது. ரோமத்துக்கு 8.5க்கு மேல் கூடாது. பி.எச். என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தொண்டி, இதே தொழில்: காக்கா, கைக் கருவியோட வாய் 3 மில்லிமீட்டர்தான் இருக்குன்னு லேத்துல குடுத்து 6 ஆக்கினேன். நிறைய இழுக்கும்னு பார்த்தா முன்னைவிட மோசம். என்ன தப்பு?

இந்தத் தப்பை நானும் பண்ணியிருக்கேன், வெட்கப்படாதீர்கள். மெஷின் தருகிற காற்று அதே அளவு. வாயை இரண்டு மடங்காக்கினால் உதட்டில் காற்றின் வேகம் பாதியாகும். நூலிலிருந்து தண்ணீரைப் பிடுங்குவது அந்த வேகம்தான். ஹோஸின் வாயைப் பாதி பொத்தித் தண்ணீர் அடிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி, நமக்கு லேத்துக்கு 200 ரூபாய் கொடுத்த பிறகுதான் தெரிகிறது. உள்ளே மெல்லிய தகடு வைத்து மறுபடி 3க்குக் கொண்டு வாருங்கள்.

கருவியை உண்மையில் மேம்படுத்த வேண்டுமா, முதலில் காற்றுக் கசிவைப் பிடியுங்கள். மெஷினை ஓடவிட்டு ஊதுபத்தியை ஒவ்வொரு இணைப்பிலும் காட்டுங்கள். புகை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கே காற்று திருடு போகிறது. என் பழைய கருவியில் கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவே ஒரு முடிக் கீறல் இருந்தது. பாம்பனில் ஃபைபர் படகு ஒட்டுகிற பட்டறையில் ரெசின் பூசிக் கொடுத்தார்கள், டீக்காசு வாங்கிக்கொண்டு. புது மெஷின் வாங்கியது போல ஆனது.

இரண்டாவது, ஹோஸ். ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரைக்கு மாறினால் உள்பரப்பு 44 சதவீதம் கூடும். அத்தோடு தேவைக்கு மேல் நீளம் வைக்காதீர்கள். ஒவ்வொரு மீட்டரும் இழுவையைத் தின்னும்.

மூன்றாவது, உதடு. ஸ்டீல் உதடு ஈரக் கார்ப்பெட்டில் ஒட்டிக்கொண்டு தோளைக் கழற்றும். டெஃப்லான் கிளைடு, அதாவது உதட்டில் மாட்டுகிற வழுக்குப் பட்டை, கிடைத்தால் மாட்டுங்கள். நான் வெள்ளைப் பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகையில் பட்டை அறுத்து, வாய்க்கு நேரே நீள் துளை போட்டு மாட்டியிருக்கிறேன். அது எந்தப் பசையிலும் நிற்காது. குழித் தலைத் திருகுதான் போட வேண்டும், அதுவும் தலை உள்ளே அமுங்கும்படி.

உதட்டின் விளிம்பை அரத்தால் ராவிய பிறகு பழைய நைலான் சேலைத் துண்டை உதட்டின் மேல் ஒரு இழு இழுங்கள். சிக்கினால் பிசிறு இருக்கிறது. இதைச் செய்யாமல் ஒரு ஓட்டலில் இறங்கினேன். நூல் வெட்டாமல் வளையமாகவே நிற்கிற லூப் கார்ப்பெட், ஒரு நூல் மாட்டி மூன்று படிக்கு உருவிக்கொண்டே போனது, பூ மாலை கோர்த்த நூல் மாதிரி. அந்த மாதக் கூலி முழுக்க அந்த மூன்று படிக்கே போயிற்று.

ஏர்வாடி: ட்ரில்லுல மாட்டுற பிரஷ் ஆகுமா? பனந்தும்பு பிரஷ்?

நூல் நுனி வெட்டிவிட்ட நைலானுக்கு மென்மையான பிரஷ், குறைந்த வேகம், சரி. லூப்புக்கும் ரோமத்துக்கும் கிட்டவே கொண்டு போகாதீர்கள். பனந்தும்பு பிரஷ்ஷும் கேட்டிருந்தீர்கள்: நம் மாவட்டப் பனை, பெருமைதான், ஆனால் அது சிமெண்டுத் தரைக்கு. கார்ப்பெட்டுக்குக் குதிரைமுடியோ மென்நைலானோ.

பாம்பன், ஹவுஸ்கீப்பிங் அக்கா: முட்டி போட்டே முட்டி போச்சு தம்பி. ஹோஸ் காலுல சுத்தி ஒருநா விழுந்தும்ட்டேன்.

அக்கா, மெஷினைப் படியில் வைக்கவே கூடாது. கீழே சமதளத்தில் வையுங்கள். மேல் படியில் தொடங்கி கீழ்நோக்கி இறங்கி வாருங்கள், முகம் மேலே பார்த்தபடி. இரண்டு மூன்று படி கீழே நின்றால் கழுவுகிற படி இடுப்புக்குக் கிட்டே வந்துவிடும். முட்டி போட வேண்டியது பாதியாகக் குறையும். கால் எப்போதும் காய்ந்த படியில்தான் இருக்கும். ஹோஸ் உங்களுக்குப் பின்னால் தோள் வழியாகக் கீழே இறங்கட்டும். பிளக் போடுகிற லைனில் 30 மில்லிஆம்பியர் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துகிற கருவி) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் சொல்லிப் போடவைத்த பிறகே மெஷினைத் தொடுங்கள்.

தேவிபட்டினம்: கைக் கருவியில தண்ணி திறந்து விடுற ட்ரிகர் வால்வு ஆறு மாசத்துல துருப்பிடிச்சு இறுகிருது.

உள்ளே இருக்கிற ஸ்பிரிங்தான் முதலில் போகும். ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருந்தாலும் 304 ரகத்தில் கடற்கரையில் டீக்கறை மாதிரித் துரு படியும். 316 கேளுங்கள், அதில் மாலிப்டினம் இருக்கிறது, உப்பைத் தாங்கும். ஜெட் பித்தளை போதும். வேலை முடிந்ததும் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரை முழு வழியாகவும் ஓடவிடுங்கள். ஜெட் அடைத்தால் சிட்ரிக் அமிலத்தில் ஊறப்போட்டுப் பல் பிரஷ்ஷால் தேயுங்கள். குண்டூசி விட்டால் துளை பெருத்து, அந்த 02 எந்த எண்ணாகும் என்று யாருக்கும் தெரியாது.

ராமேஸ்வரம், மறுபடி அதே லாட்ஜ்: அண்ணே, எப்பக் கழுவுறது? காலையில 4 மணிக்கே ஸ்படிக லிங்க தரிசனத்துக்குக் கிளம்பிருவாங்க. முதலாளி கார்ப்பெட்டையே பிடுங்கிடலாமாங்கிறாரு.

காலை 11 மணி, அறை காலியாகிற நேரம். ஒரே படிக்கட்டு என்றால் இடது பாதி இன்று, வலது பாதி நாளை. நடுவில் கயிறு கட்டுங்கள். ஆடி, தை அமாவாசைக்கு முந்தின நாள் கை வைக்காதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் மொட்டைமாடிக் கதவைத் திறந்து வைத்தால் காற்றே காயவைக்கும். ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் அது நடக்காது. தரையோடு வீசுகிற புளோயர் இரண்டு வேண்டும்.

முதலாளி சொல்வது பாதி சரி. தரைத்தளத்திலிருந்து முதல் மாடி வரை பிடுங்கிவிடுங்கள். ஈரக்கால் அத்தனையும் அங்கேதான் சொட்டுகிறது. சொரசொரப்பான கிரானைட்டும் நோசிங்கில் ரப்பர் பட்டையும் போதும். கீழே ஒரு பெரிய கயிற்று மிதியடியும் போடுங்கள். முதல் மாடிக்கு மேலே கார்ப்பெட் இருக்கட்டும். எனக்கு இருபது படி வேலை குறையும், பரவாயில்லை. மேல் இரண்டு மாடிக்குக் கூப்பிடுங்கள், ஊதுபத்தி நானே கொண்டு வருகிறேன்.