களியைக் குறைப்பதா, ஆபரேஷன் செய்துகொள்வதா?

கேள்வி: எனக்கு வயது 36. பாலக்கோடு பக்கம் கிராமம். உயரம் 156 செ.மீ., எடை 98 கிலோ. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.9. முட்டி வலி, ராத்திரியில் நெஞ்செரிச்சல். இரண்டு தடவை டயட் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்தேன், திரும்ப ஏறிவிட்டது. பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை அறுக்கப் போறியா" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: பன்னிரண்டு கிலோ குறைத்தவரைப் பார்த்து வாயைக் கட்டத் தெரியாதவர் என்று சொல்வது நியாயமில்லை. எடை குறைந்தவுடன் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது. வயிறு நிறைந்ததை உணர்த்தும் ஹார்மோன்கள் குறைகின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் கலோரியும் இறங்கிவிடுகிறது. எடை குறைத்து ஒரு வருடம் கழித்தும் பசி அடங்காமல் இருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, 40. முப்பத்தைந்தைத் தொட்டாலே அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். ஆசியர்களுக்கு, அதிலும் சர்க்கரை இருந்தால், அதற்கும் கீழேயே யோசிக்கிறார்கள். அதனால் பெங்களூரில் சொன்னது தவறான யோசனை இல்லை. நானும் உங்கள் விஷயத்தில் ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் இந்த மாதமே வேண்டாம்.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். முறையான டயட்டில் ஏழெட்டு கிலோ குறைந்து அப்படியே நின்றால்கூடச் சர்க்கரையும் முட்டியும் நன்றாகத் தேறும். ஆபரேஷனில் மொத்த எடையில் கால் பங்கோ சற்று அதிகமோ குறையும்; அதாவது ஒன்றரை வருடத்தில் 70 கிலோ அருகே வருவீர்கள். கல்யாணப் போட்டோவில் இருப்பதுபோல் ஆகிவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், எந்த ஆபரேஷன் என்று கேட்டீர்களா? ஸ்லீவ் என்பதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். அதைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது அதிகமாகலாம். உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதால் எண்டோஸ்கோப்பி பார்க்காமல் ஸ்லீவுக்குச் சம்மதிக்காதீர்கள். பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைப்பது, என்றால் நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் நன்றாகக் குறையும். ஆனால் இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம், சத்துக் குறைபாடும் அதிகம். தையலில் கசிவு, ரத்தக்கசிவு போன்ற ஆபத்துகள் நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். உயிராபத்து அதைவிட மிகவும் குறைவு.

டயட்டா, ஆபரேஷனா என்று கேட்கிறீர்கள். ஆபரேஷன் செய்தாலும் டயட் விடாது. முதல் சில நாள் தெளிந்த கஞ்சித் தண்ணீர், மோர். அதையும் மடக் மடக்கென்று குடிக்க முடியாது, வாய் வாயாக உறிஞ்ச வேண்டும். பிறகு மசித்த பருப்பு, வேகவைத்த முட்டை. மாதங்கள் கழித்தும் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வயிறு நிறைந்துவிடும். விருந்தில் "என்னம்மா, கொறிக்கிற" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். இரும்பு, கால்சியம், பி12, டி விட்டமின் மாத்திரைகள் ஆயுளுக்கும் வேண்டும். கர்ப்பம் ஒன்றரை வருடத்துக்கு வேண்டாம்.

அதனால் முதலில் மூன்று மாதம் ஓர் உணவியல் நிபுணரின் கண்காணிப்பில் இருங்கள். "களிதானே, எடை போடாது" என்று நம் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். 100 கிராம் ராகி மாவிலும் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். களி உருண்டையைப் பாதியாக்கி, கொள்ளுக் கடைசலையும் கீரையையும் இரட்டிப்பாக்குங்கள். மாம்பழ சீசனில் ஒரு துண்டோடு நிறுத்துங்கள், ஜூஸ் வேண்டாம். கடையில் விற்கும் எடை குறைப்புப் பவுடர் எதுவும் வேண்டாம். ஆபரேஷனுக்கே போனாலும் இந்த மூன்று மாதம் வீணில்லை; கல்லீரல் கொழுப்பு குறைந்தால் சர்ஜனுக்கு வேலை எளிது. எடை குறைக்க இப்போது வந்திருக்கும் வாராந்திர ஊசிகளைப் பற்றியும் கேளுங்கள். நன்றாக வேலை செய்கின்றன, ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, செலவும் மாதாமாதம்.

தைராய்டு, தூக்கத்தில் மூச்சுத் தடை, இரண்டையும் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் காப்பீடு இருந்தால் பி.எம்.ஐ. 40 என்பது முக்கியமான எண்; டயட்டில் எடை இறங்கும் முன், டாக்டர் கையெழுத்தோடு இன்றே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சர்க்கரை மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் பாதியாக்கினால் சில மாத்திரைகளில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டயட் தொடங்கும் முன்பே மாத்திரைச் சீட்டோடு உங்கள் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.