கறுப்பு கவுனும் சட்டமன்ற இருக்கையும்: வழக்கறிஞரிடம் கேளுங்கள்

முப்பது ஆண்டுகளாகப் பாரிமுனையில் வழக்காடி வருகிறேன். வழக்கறிஞராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கும் ஒருவர் சிக்கலில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று இந்த முறை பலர் கேட்டிருக்கிறீர்கள்.

பெரம்பூர் வாசகர்: எங்கள் எம்.எல்.ஏ. காலையில் நீதிமன்றத்தில் வாதாடுகிறார், மாலையில் தொகுதி அலுவலகத்தில் மனு வாங்குகிறார். இதற்குச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. முழுநேரச் சம்பள ஊழியர் வழக்கறிஞர் தொழில் செய்யக் கூடாது என்கிறது, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 49. மக்கள் பிரதிநிதி அப்படிப்பட்ட ஊழியர் அல்லர் என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அமைச்சரானால் தொழிலை நிறுத்திவைப்பது வழக்கம். ஆனாலும் கூட்டத்தொடர் நாட்களில் வாய்தா வாங்கிக்கொண்டாவது கோட்டைக்குப் போய்விட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோட்டூர்புரம் வாசகர்: எஃப்.ஐ.ஆர். பதிவானாலே பதவி போய்விடுமா?

போகாது. குற்றப்பத்திரிகை தாக்கலானாலும் போகாது. குற்றவாளி என்று தீர்ப்பாகி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் போகும். ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் என்றால் அபராதம் மட்டும் விதித்தாலே போதும்.

அண்ணா நகர் வாசகர்: மேல்முறையீடு செய்து ஜாமீனும் வாங்கிவிட்டால் இருக்கை தப்பிவிடும் என்கிறாரே எங்கள் வட்டச் செயலாளர்?

2013-க்கு முன்பு என்றால் அவர் சொல்வது சரி. தீர்ப்பு வந்த மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால் பதவியில் தொடரலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவு வழிவிட்டிருந்தது. 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. இப்போது தீர்ப்பு நாளிலேயே தகுதியிழப்பு.

பலரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். சிறைத் தண்டனையை நிறுத்திவைப்பது வேறு, ‘குற்றவாளி’ என்ற தீர்ப்புக்கே தடை பெறுவது வேறு. முன்னது கிடைத்தால் சிறைக்குப் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். இருக்கை திரும்ப வேண்டுமானால் பின்னது கிடைத்தாக வேண்டும். பொன்முடி வழக்கைப் பாருங்கள். 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு விதித்தது. மேல்முறையீட்டுக்கு அவகாசம் தந்து தண்டனையை நிறுத்தியும் வைத்தது. அப்படியும் பதவி போனது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக்கே தடை விதித்த பிறகுதான் திருக்கோவிலூர் தொகுதி அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2014-இல் சுடுகாடுகளுக்குக் கூரை அமைத்ததில் முறைகேடு என்ற வழக்கில் இரண்டாண்டு விதிக்கப்பட்டதால் டி.எம். செல்வகணபதி மாநிலங்களவைப் பதவியை இழந்தார். பின்னாளில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது, 2024-இல் சேலத்தில் வென்று மக்களவைக்கும் போனார். இடையில் கழிந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை இறுதித் தீர்ப்பாக எண்ணித் தெருவில் பட்டாசு வெடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேளச்சேரி வாசகர்: தேர்தல் வெற்றியே வழக்கில் சிக்கினால் எப்போது முடியும்?

முடிவு வெளியான 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பதைச் சொல்கிறேன். 2016-இல் ராதாபுரத்தில் வழக்கறிஞர் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றார். தோற்ற அப்பாவு, 203 தபால் வாக்குகளைச் சான்றொப்பம் சரியில்லை என்று காரணம் காட்டிச் செல்லாதவை என்று ஒதுக்கியது தவறு என வழக்குப் போட்டார். மறுஎண்ணிக்கை நடந்தது 2019 அக்டோபரில். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது, முடிவு வெளிவரவில்லை. வென்றவருக்கு ஐந்தாண்டும் சந்தேக நிழல், தோற்றவருக்கு ஐந்தாண்டும் காத்திருப்பு. வாக்களித்தவர்களை நினைத்துத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

திருவல்லிக்கேணி சட்ட மாணவி: எம்.எல்.ஏ. பதவி போனால் சன்னதும் (வழக்கறிஞர் தொழில் உரிமமும்) போய்விடுமா ஐயா?

தானாகப் போகாது அம்மா. இருக்கையைத் தேர்தல் சட்டம் பறிக்கிறது. சன்னதைத் தொட 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் தனியாக இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து, கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் புகார் டெல்லியில் உள்ள அகில இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும்.

தண்டையார்பேட்டை வாசகி: என் வீட்டு மனை வழக்கை ஒரு எம்.எல்.ஏ. வழக்கறிஞரிடம் கொடுத்தேன். அவர் மீதே இப்போது வழக்கு. ஜூனியர்கள் வந்து வாய்தா மட்டும் வாங்குகிறார்கள். வழக்குக் காகிதக் கட்டைக் கேட்டால் பாக்கி பீஸ் கொடு என்கிறார்கள். பெரிய மனிதர், பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. பீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க எந்த வழக்கறிஞருக்கும் உரிமை கிடையாது. 2000-ஆம் ஆண்டு சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. பாக்கி உண்மையாக இருந்தால் அவர் தனியே வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். கட்டைத் திருப்பிக் கேட்டு, கிடைத்ததற்கான சான்றுடன் விரைவுத் தபால் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். தராவிட்டால் அந்தத் தபாலின் நகலோடு பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

அதற்காகக் காத்திருக்காமல், வேறு வழக்கறிஞர் மூலம் நீதிமன்ற அனுமதி பெற்று வக்காலத்தை மாற்றிக்கொள்ளுங்கள். யாரும் ஆஜராகாமல் பிராது தள்ளுபடியாகியிருந்தால் அதை மீட்க மனுப் போட 30 நாள்தான் இருக்கிறது. ஆகவே முதலில் வழக்கு எண்ணைக் கொண்டு அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

புது வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள். ஆதார் நகலும் கையிலிருக்கும் காகிதங்களும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமையே போய்விடுங்கள்.