நாரி நோவும் ஒரு எக்ஸ்றேயும்

கேள்வி: ஆஸ்பத்திரிப் பதிவுகளை மட்டும் வைத்துத் தேவையில்லாத வைத்தியத்தை அளக்க முடியுமா?

ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மருத்துவ மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முடியும், ஆனால் டிக்கற்றில், அதாவது வாட்டில் நோயாளிக்கு எழுதும் பதிவில், எழுதியதை மட்டும்தான் அளப்பீர்கள்.

வன்னியில் ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் ஒன்பது வருடம் இருந்தேன். வாட்டிலிருந்து வரும் டிக்கற்றுகளைப் பார்த்து நோய்க்குக் குறியீடு போடுவது என் வேலை. ஒருமுறை ஒரு டொக்டர், நாரி நோவுக்குத் தேவையில்லாமல் எடுத்த எக்ஸ்றேக்களை எண்ணித் தரச் சொன்னார். காய்ச்சல், அடிபட்டது, கால் விறைப்பு, புற்றுநோய் ஒன்றும் இல்லாத வெறும் நாரி நோவுக்கு முதல் 6 கிழமை படம் வேண்டாம் என்பது வழிகாட்டல். தேவையற்ற பரிசோதனைகளையும் வைத்தியத்தையும் தவிர்க்கச் சொல்லி 2012 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'சூசிங் வைஸ்லி' பட்டியல்களிலும் அது உண்டு. நாரி நோவுக்கான எம் 54.5 என்று குறியீடு விழுந்த டிக்கற்றுகளை எக்ஸ்றே அறைக் கொப்பியோடு ஒத்துப் பார்த்தேன். ஆபத்துக் குறி எழுதாதவை எல்லாம் 'தேவையற்றது' பக்கம் போயின.

அதில் ஒன்று என் மாமியுடையது.

2009 இல் முள்ளிவாய்க்காலில் பட்ட செல் பீஸ், செல் குண்டின் சிதறல், மாமியின் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. டிக்கற்றில் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. ஏன் வாட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "பீஸ் இல்லாத ஆக்கள் ஆரடா இஞ்ச?" என்றா.

மாமி என்பதற்காக அதைக் கணக்கிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. டொக்டரிடம் சொன்னேன். கிளினிக்குக்கு வந்த மற்றவர்களை அவர் விசாரித்தார். இன்னும் சிலருக்குப் பீஸ் இருந்தது.

பதிவே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். சிசேரியனை எடுங்கள். பிரசவத்துக்கு வரும் தாய்மாரை 2001 இல் மகப்பேற்று வைத்தியர் றொப்சன் வகுத்த 10 பிரிவுகளுக்கு வேண்டியவை எத்தனையாவது பிள்ளை, ஒன்றா இரட்டையா, முன்பு சிசேரியனா, எத்தனை கிழமை, பிள்ளை கிடந்த விதம், நோவு தானாக வந்ததா என்பவைதான். பிரசவ டிக்கற்றில் இவ்வளவும் இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் 2015 இல் அதையே முன்வைத்தது. எந்தச் சிசேரியன் தேவையற்றது என்று அது சொல்லாது, ஒரே மாதிரித் தாய்மாரை ஒப்பிட விடும். ஓபிடியில் தடிமலுக்குக் கொடுக்கும் அன்ரிபயோற்றிக்குக்கு அந்த வழியும் இல்லை, வாட்டில் படுக்காதவருக்கு டிக்கற்றே கிடையாது.

குறியீடு பிழைத்தால் ஏச்சு எங்களுக்குத்தான். அதுபற்றிய சுற்றுநிருபமோ சிங்களத்தில் மட்டும் வரும். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987 இல். ஒவ்வொரு முறையும் சிங்களம் தெரிந்த ஒரு சாரதியைக் கூப்பிட்டுத்தான் வாசித்தோம்.

பிறகு மாமிக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள், பெரிய காந்தத்தால் எடுக்கும் படம் அது. உடம்புக்குள் இரும்பு இருந்தால் அந்தக் காந்தம் அதை அசைக்கக்கூடும். நான் 'தேவையற்றது' என்று எண்ணிய அந்தப் படத்தைக் கண்டுதான் நிறுத்தினார்கள்.