ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் வண்டியை அனுப்பாமல் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்? அந்த மேஜையில் அப்படி என்னதான் நடக்கிறது?

அப்பாவுக்கு நெஞ்சு வலி என்று போன் செய்தபோது, எடுத்தவர் "எந்த ஊர், பக்கத்தில் என்ன இருக்கு, மூச்சு விடுறாரா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், முதலில் வண்டியை அனுப்பிவிட்டு அப்புறம் கேட்கக் கூடாதா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு வருடம், பெரும்பாலும் இரவு ஷிஃப்டில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். இடம் மட்டும் தெளிவாகக் கிடைத்துவிட்டால் போதும், மீதிக் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி நகர ஆரம்பித்திருக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை, நாங்களும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

எங்கள் மேஜையில் இரண்டு திரை. இடது பக்கம் அழைப்புப் படிவம், வலது பக்கம் வரைபடம். அதில் எங்கள் வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, ஜிபிஎஸ் வழியாக நகர்ந்துகொண்டே இருக்கும். காதில் ஹெட்செட், ஏனென்றால் இரண்டு கையும் தட்டச்சுக்கு வேண்டும். அழைப்பு வந்ததும் உங்கள் எண் படிவத்தில் தானாக ஏறிவிடும், பேச்சு பதிவாகத் தொடங்கும். இடமும் பிரச்சினையும் பதிந்ததும் வண்டியைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தான். டிரைவரின் போனில் மணி அடிக்கும்.

108 இன்னும் பெரிய அமைப்பு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. நீங்கள் ஏற்காட்டிலிருந்து அழைத்தாலும் சென்னையில், மாநிலத்துக்கே பொதுவான மையத்தில் இருப்பவர்தான் எடுப்பார். அங்கே அழைப்பை எடுப்பவர் வேறு, வண்டியை ஒதுக்குபவர் வேறு. முன்னவர் உங்களிடம் பேசும்போதே பின்னவர் வேலையை ஆரம்பித்துவிடலாம். வண்டியில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்குச் சந்தேகம் வந்தால், மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் போனிலேயே கேட்பார். எங்கள் அறையில் இந்த வேலை எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்.

சரி, முதல் கேள்வி ஏன் எப்போதும் "எங்கிருந்து பேசுறீங்க"? அடுத்த நொடி லைன் துண்டிக்கப்பட்டாலும், இடம் தெரிந்தால் வண்டி அனுப்ப முடியும். நோய் என்ன என்று மட்டும் தெரிந்து இடம் தெரியாவிட்டால் எதுவுமே செய்ய முடியாது. ஏற்காடு மலையில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமிருந்து வரும் அழைப்புகள் பாதிப் பேச்சில் அறுந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

போன் இருக்கும் இடம் திரையில் வந்துவிடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் படிவத்தில் எண் மட்டும்தான் வரும். டவரை வைத்து இடம் காட்டும் அமைப்புகளிலும் கிடைப்பது புள்ளி இல்லை, வட்டம். நகரத்தில் டவர்கள் நெருக்கம், அதனால் வட்டம் சிறியது. மலையில் விரிந்துவிடும். மேலே நிற்கும் ஒருவரின் போன் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கீழே சமவெளியில் இருக்கும் டவரைப் பிடித்திருக்கும். ஊர்ப் பெயரும் சிக்கல்தான். ஏற்காடு ஒன்றியத்தில் வேலூர் என்று ஒரு ஊராட்சி இருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பதற்றத்தில் "வேலூர்" என்று மட்டும் சொன்னால் அவர் எதை நினைப்பார்? மாவட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நானே இதில் தவறியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு பைக் விபத்து. "அடிவாரத்துல கிடக்கறோம்க்கா, சீக்கிரம்" என்றான் அந்தத் தம்பி. அடிவாரம் என்றால் ஏற்காடு ரோட்டில் குரும்பப்பட்டி அடிவாரம் என்று எடுத்துக்கொண்டு, கோரிமேட்டுப் பக்கம் நின்ற வண்டியை அனுப்பிவிட்டேன். டிரைவர் அண்ணன் போய்ச் சேர்ந்து, "இங்க யாருமே இல்லம்மா" என்றார். அவர்கள் கிடந்தது ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையில், குப்பனூர் பக்கத்து அடிவாரத்தில். இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. கால் எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த இருபது நிமிடமும் அவன் வலியில் கத்தியது என் காதில்தான் விழுந்தது. அதற்குப் பிறகு "குரும்பப்பட்டி அடிவாரமா, குப்பனூர் அடிவாரமா" என்று கேட்காமல் நான் ஒரு வண்டியைக்கூட அசைத்ததில்லை. அந்தக் கேள்விக்குச் சிலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை.

வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது பாதையில் பக்கம் இல்லை. மலையில் இதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். திரையில் விரல் அகலம் இருக்கும் தூரம், வண்டிக்கு வளைந்து வளைந்து ஏறும் நேரம். மே மாதம் கோடை விழா சமயத்தில் அந்தக் கணக்கும் உதவாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது. அந்த மாதிரி நாளில் மேஜையில் இருப்பவருக்கு வரைபடத்தைவிட, ரோட்டில் இருக்கும் டிரைவர் சொல்வதுதான் கண்.

அதே வளைவுகள் ஒரு பெரிய உதவியும் செய்கின்றன. ஒவ்வொன்றிலும் எண் பலகை உண்டு. "கடைசியா எந்த நம்பர் போர்டைப் பார்த்தீங்க?" என்று கேட்பேன். எண்கள் கீழிருந்து ஏறுவதால், 16 என்றால் ஏற்காட்டில் நிற்கும் வண்டி இறங்க வேண்டும், 4 என்றால் சேலத்திலிருந்து ஏற வேண்டும். ஒரே எண்ணில் முடிவாகிவிடும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் இதே வேலையைச் செய்யும். ஊருக்குள் என்றால் எதிரில் இருக்கும் கடையின் பெயர்ப் பலகையைப் படியுங்கள், பெரும்பாலும் அடியில் தெருப் பெயர் எழுதியிருக்கும்.

அடுத்த இரண்டு கேள்விகள்: கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? மூச்சு சாதாரணமாக இருக்கிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் என் வேலையே மாறிவிடும். அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து ஒரு பையன், பதினேழு பதினெட்டு வயது இருக்கலாம். அப்பா சமையலறையில் விழுந்துவிட்டார், எப்போதாவது ஒரு முறை விக்குவது மாதிரி மூச்சு. அது மூச்சே இல்லை. போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொன்னேன். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்காமல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. நான் எண்ண, அவனும் என்னோடு எண்ணினான். பாதியில் அழுதான், ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை. வண்டியின் புள்ளி அவர்கள் தெருவுக்குள் திரும்பியதைப் பார்த்து, "கதவு திறந்திருக்கா தம்பி?" என்றேன். திறந்திருந்தது. என் திரையில் அந்த அழைப்பு, மருத்துவமனை சேர்ந்த நேரத்தோடு முடிந்துவிட்டது. பிறகு என்ன ஆனது என்பது மேஜைக்கு வருவதில்லை. இந்த வேலையில் எனக்குக் கடினமாக இருந்தது அதுதான்.

நேரங்கள் எல்லாமே பதிவாகும்: அழைப்பு வந்தது, வண்டி ஒதுக்கியது, கிளம்பியது, இடம் சேர்ந்தது, நோயாளியோடு புறப்பட்டது, மருத்துவமனை அடைந்தது. இவற்றைப் பிறகு புரட்டினால், தாமதம் ரோட்டில் இல்லாமல் மாடிப்படியில் ஆகியிருப்பது தெரியும். ஸ்ட்ரெச்சர் திரும்பாத குறுகல் படியா, லிஃப்ட் இருக்கிறதா என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

வெள்ளைப் பலகை ஒன்றும் உண்டு, ஆக்சிஜன் கணக்குக்கு. பி டைப் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம். கோயம்புத்தூருக்கு நோயாளியை மாற்றும்போது வழியில் நெரிசல் என்றால் அது போதாது. கிளம்பும் முன் இரண்டாவது சிலிண்டர் ஏறியதா என்று கேட்பதும் மேஜைக்காரர் வேலைதான்.

பேசி முடித்த பிறகு உங்கள் பக்கத்தில் இரண்டு விஷயம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் அதே போனிலிருந்து தகவல் சொல்லாதீர்கள். டிரைவர், உங்களுக்குத் தெரியாத ஒரு எண்ணிலிருந்து, அந்த போனுக்குத்தான் கூப்பிடுவார், பிஸியாக இருந்தால் தெருமுனையில் வண்டி நின்றுவிடும். இரவு என்றால் ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி, செல்போன் டார்ச்சைத் தரையை நோக்கி ஆட்டச் சொல்லுங்கள். டிரைவர் கண்ணில் அடித்தால் அவருக்குத் தெரு தெரியாது.