கனடாப் பருப்பா, கிண்ணியா இறைச்சியா?

கிண்ணியாவில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “உள்ளூரில் கிடைப்பதைச் சாப்பிட்டால்தான் சுற்றாடலுக்கு நல்லது என்று மகன் சொல்கிறான். மைசூர்ப் பருப்பு கனடாவில் இருந்து கப்பலில் வருகிறதாம். மாட்டிறைச்சியோ எங்கள் ஊர் மாடு, பக்கத்துக் கடையில் வாங்குவது. அப்படியென்றால் பருப்பைக் குறைத்து இறைச்சியைக் கூட்டுவதா? மீனுக்கு என்ன சொல்கிறீர்கள்? மிஞ்சுகிற சோற்றை என்ன செய்வது?”

இந்த வயதில் மகனுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது சந்தோஷம். ஆனால் கணக்கு அவர் நினைக்கிற பக்கம் சாயவில்லை. சாப்பாட்டில் தூரத்தை விடப் பொருள்தான் முக்கியம்.

கப்பல் மிகக் குறைந்த எரிபொருளில் மிக அதிக பாரம் சுமக்கும். ஒரு கிலோ பருப்பு 20,000 கிலோமீற்றர் கடலில் வந்தாலும், அந்தப் பயணத்துக்கான காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 200 கிராம்தான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியேறும். “உள்ளூர்ச் சாமான்” வாங்குவதற்கென்றே பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் திருகோணமலைக்கு ஓடினால், பருப்பின் கடற்பயணத்தை அந்த ஓட்டமே தோற்கடித்துவிடும். விமானத்தில் வரும் பழம், பூ வேறு கதை. அவை நம் அன்றாடச் சமையலில் இல்லை.

மாட்டின் விஷயம் அதன் வயிற்றில் இருக்கிறது. தின்ற புல்லை அங்குள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது மீதேன் உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியேறுகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீதேன் காபனீரொட்சைட்டை விடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மாடு எந்த ஊரில் மேய்ந்தாலும் இது மாறாது.

ஜோசப் பூர், தோமஸ் நெமெசெக் என்ற இருவர் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் திரட்டி 2018 இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் 100 கிராம் புரதம் தரும் மாட்டிறைச்சிக்கு, அதாவது சுமார் அரைக் கிலோவுக்கு, உலகச் சராசரி 50 கிலோ பச்சைவீட்டு வாயு, அதாவது மீதேன் போன்ற வெப்பம் பிடிக்கும் வாயுக்களையும் காபனீரொட்சைட்டுக் கணக்குக்கு மாற்றிச் சேர்த்த அளவு. இது இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாடு. பாலுக்கு வளர்த்த மாடென்றால் சுமார் 17. நம் ஊர் மாட்டுக்கு இந்தக் குறைந்த கணக்கையே எடுத்தாலும், அரைக் கிலோ இறைச்சி ஏழு லீற்றர் பெற்றோலுக்குச் சமம். அதே புரதத்துக்குக் கோழி 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, முட்டை 4 சொச்சம், பருப்பு வகை ஒரு கிலோவுக்கும் கீழே. உணவால் வரும் மொத்த வாயுவில் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் அளவுதான்.

பெருநாள் இறைச்சியைப் பற்றி நான் பேசவில்லை. அது வருடத்துக்கு ஒரு தடவை, பங்கிட்டுக் கொடுப்பது. வாரத்தில் இரண்டு நாள் மாட்டிறைச்சி வாங்குகிற வீடென்றால் ஒரு நாளைக் கோழிக்கோ முட்டைக்கோ மாற்றுங்கள். வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். மகனின் ஆசைக்கு பயறு, கௌபி, உளுந்து இருக்கின்றன. அவை நம் நாட்டிலேயே விளைகின்றன. உங்கள் ஊர்த் தயிரும் மாட்டில் இருந்துதான் வருகிறது, அதனால் அதற்கும் பங்குண்டு. ஆனால் இறைச்சி அளவுக்கு இல்லை. பயப்படாமல் சாப்பிடுங்கள்.

அடுத்தது மீன். கொட்டியாரக் குடாவை வைத்துக்கொண்டு மீனை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, விடவும் தேவையில்லை. சூடை, கீரி, நெத்தலி போன்ற சின்ன மீன்கள் கூட்டமாகத் திரிவதால் ஒரே தடவையில் நிறையப் படும். கிலோவுக்கு எரியும் எண்ணெய் குறைவு, சீக்கிரம் பெருகவும் செய்யும். விலையும் கைக்கு அடக்கம். பண்ணை இறாலைக் குறையுங்கள். புத்தளப் பக்கம் இறால் குளங்களுக்காகக் கண்டல் காடுகளை அழித்த கதை நாடறிந்தது.

டைனமைட் வெடி போட்டுப் பிடித்த மீனை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஒரு வெடியில் குஞ்சும் முருகைக்கல்லும் சேர்ந்தே போய்விடுகின்றன. முருகைக்கல் மீண்டும் வளரப் பல வருடம் எடுக்கும். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டமே இதைத் தடுத்திருக்கிறது. வெட்டும்போது கவனியுங்கள்: வயிற்றுக்குள் இரத்தம் கட்டியிருக்கும், நடுமுள் முறிந்திருக்கும், சதை தொளதொளவென்று இருக்கும். இவை சேர்ந்து தெரிந்தால் அந்த வியாபாரியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த முறை வேறு ஆளிடம் போங்கள். வாங்க ஆள் இருக்கும்வரை வெடியும் இருக்கும்.

சோற்றுக்கு வருகிறேன். தண்ணீர் தேங்கிய வயலில் இருந்தும் மீதேன் வருவதால், ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரி ஏறத்தாழ 4 கிலோ வாயு. அதைக் கொட்டினால் இந்தச் செலவு முழுவதும் வீண். குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது இன்னும் கொஞ்சம் மீதேன். ஆகவே முதலில் உலையில் போடுகிற அரிசியைக் குறையுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஒரு சுண்டு கூடத்தான் போடுகிறோம். மிஞ்சினால் இரவே தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் தயிரும் வெங்காயமும் போதும். அதற்கும் மிஞ்சியது கோழிக்கு. மரக்கறித் தோலும் மீன் கழிவும் வளவில் குழி வெட்டி, ஒவ்வொரு தடவையும் மண்ணோ காய்ந்த இலையோ மூடிப் புதையுங்கள். அடுத்த மாரிக்கு வாழைக்கும் முருங்கைக்கும் பசளை தயாராக இருக்கும். பொலித்தீனை மட்டும் அந்தக் குழியில் போடவும் வேண்டாம், வளவில் எரிக்கவும் வேண்டாம். அந்தப் புகை முதலில் உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும்.